மனப்பாடம்

“அஞ்சாம் பக்கம்?” என்று கேட்டாள் அம்மணி.

“எழுவத்தி நாலு.”

“ஏழாம் பக்கம்?”

“நாப்பத்தி… அஞ்சு?”

“நாப்பத்தி ரெண்டு! இப்டி உளறினா இன்னாத்த பாஸ் பண்ணுவே?”

எண்பதுகளின் செம்பாக்கம் ஏரிக்கரையில் குப்புராஜ் தலையைச் சொறிந்தான். பத்தாம் வகுப்புத் தேறிவிட்டான், கட்டணமும் கட்டிவிட்டான். இந்த ஒரு சோதனைதான் பாக்கி. அதற்கான விடைகளை அம்மணி, தான் பெருக்கித் துடைக்கும் கிளினிக்கிலிருந்து எழுதி வந்திருந்தாள். எலெக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் ஆனால் மாதம் இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய் கிடைக்கும். அவள் அப்பாவும் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார்.

மறுநாள் அவன் ஒரு விடையைக்கூடத் தவறவிடவில்லை.

“நீ இல்லாங்காட்டி நான் அவுட்டு, அம்மணி!” என்றான்.

வேலையின் முதல் நாள், சூப்பர்வைசர் ஸ்விட்ச் போர்டைத் திறந்து காட்டினார்.

“பச்சை ஒயர் பழசாயிடுச்சு, அறுத்து எடு. சிவப்புல கரண்ட் கீது. கட்டர் பட்டுச்சு, ஆளே காலி!”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

குப்புராஜுக்கு இரண்டு ஒயரும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. டாக்டர் காட்டிய நிறப்புள்ளிப் படங்களில் ஒளிந்திருந்த எண்களும் அவன் கண்ணுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

கேட்டால் வேலை போகும். அம்மணியும் போவாள்.

ஓர் ஒயரில் கட்டரை வைத்து அழுத்தினான்.