மூன்றாவது துரும்பு

நாட்டாமை நீட்டிய துரும்பை வாங்கிக்கொண்டு ஊர்க்கூட்டத்தின் நடுவே வெள்ளையம்மா நின்றாள். அதைக் கிள்ளிப் போட்டுவிட்டால் புருஷன் சடையனோடு தீர்ந்தது. ஆனால் பிள்ளை அவன் வீட்டுக்குத்தான். ஊர் வழக்கம் அப்படி. எவன் போட்ட வழக்கமோ தெரியாது, பெற்றவள் போட்டதாக இருக்காது. இதற்கு முன் இரண்டு கூட்டத்திலும் ஏழு வயது மகள் அஞ்சலையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துரும்பைத் திருப்பிக் கொடுத்தவள்தான். திரும்பிப் போய் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை.

“கிள்ளமாட்டா மாமா. எம்புட்டு மிதிச்சாலும் இந்தக் கழுத போகாது,” என்றான் சடையன். அவனை ஒட்டி அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

“கிள்ளுறியா, குடுக்குறியா? வெயிலு ஏறுதில்ல தாயி,” என்றார் நாட்டாமை.

வெள்ளையம்மா வீங்கிய உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். மகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுக்கத் துரும்பை நீட்டினாள்.

அஞ்சலை விறுவிறுவென்று எழுந்து வந்து அதைப் பிடுங்கினாள். இரண்டாகக் கிள்ளி நாட்டாமையின் காலடியில் போட்டாள்.

“நீ உன் ஆத்தா வீட்டுக்குப் போம்மா,” என்றாள்.

“சின்னப் பிள்ள கிள்ளுனது செல்லுமாய்யா?” என்று ஒருவர் கேட்டார். நாட்டாமை காலடியில் கிடந்த இரண்டு துண்டையும் குனிந்து பார்த்தார்.

அஞ்சலை திரும்பிப் போய் அப்பன் பக்கத்தில் அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சடையன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். வெள்ளையம்மா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.