கோழி பேசாது

கோழி வேடத்துக்குள் இருப்பவர் பேசினால் குழந்தைகள் பயந்துவிடுமாம். அதனால் வாயே திறக்கக் கூடாது. இலோய்லோ நகரத்து வறுத்த கோழிக் கடையின் மேலாளர் ரொடெல் மகராசனுக்குப் பிடித்த ஒரே சட்டம் அதுதான்.

பிறந்தநாள் விருந்தில் ஆடக் கிளம்பிய கோழியை வழிமறித்தான்.

"என்ன ஜோவிலின், தலைமை ஆபீசுக்கு மறுபடியும் என்மேல புகாரா? சாட்சி யாருன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்களாமே, பாவம்!"

முதுகு ஜிப்பைப் போட்டுவிடும் சாக்கில் கையை உள்ளே நுழைத்தான்.

"எங்கே, இப்பக் கத்து பார்ப்போம்!"

கோழி கத்தவில்லை. தலையைக் கழற்றியது. உள்ளே, புகார்களைத் திருப்பி அனுப்பிய அதிகாரி வில்லாருஸ் அம்மையார், வியர்த்து வழிந்துகொண்டு.

அடுப்படியிலிருந்து ஜோவிலின் வந்தாள். பின்னாலேயே கடைப் பெண்கள் அத்தனை பேரும்.

"ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கன்னோம் மேடம். அஞ்சு நிமிஷம்கூட ஆகல," என்று பேனாவோடு புகார்த் தாளை நீட்டினாள். "சாட்சிக்கு இடம் காலியா இருக்கு, பாருங்க."