ஒரு சாண் கெண்டை

மூன்றாவது வீச்சில் தூண்டில் முள் பேயாண்டியின் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டது.

பேயாண்டி பதறவில்லை. துண்டை அவிழ்த்து, முள்ளைக் கழற்றி, மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்தான்.

"மாப்ள, மீனு தண்ணிக்குள்ள இருக்கு" என்றான்.

நல்லகாமன் தலையாட்டினான்.

அவன் மூணாறு எஸ்டேட்டில் துரை பங்களாவில் வேலை பார்ப்பவன். தலைதீபாவளிக்கு, வைகைக் கரையில் மனைவி அன்னக்கொடி இருந்த மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். பேயாண்டி அன்னக்கொடியின் அண்ணன். அந்த ஊரில் ஆற்றுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பாத ஆள்.

நல்லகாமன் கையில் இருந்தது துரையின் தூண்டில். எழுபத்தாறில் சீமைக்குத் திரும்பும்போது அவர் கொடுத்துவிட்டுப் போனது. மதுரை காளவாசலில் பஸ் மாறியபோது கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

நுனியில் புழு கிடையாது. முள்ளின் மேல் சேவல் இறகைச் சுற்றி ஈயைப்போலக் கட்டியிருக்கும். தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சாட்டையைப்போல முன்னும் பின்னும் வீசி, ஓர் ஈ தானாக வந்து உட்கார்வதுபோல நீரின்மேல் உட்காரவைக்க வேண்டும்.

துரைக்கு உட்காரும்.

பெண் பார்க்க வந்த அன்று, துரை இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு மீன் பிடிக்கப் போனதாக நல்லகாமன் சொல்லியிருந்தான். அன்னக்கொடி அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். பேரையூர்க் கரிசலில் பிறந்தவனுக்கு ஆறு ஏது, மீன் ஏது என்று சிரித்த பக்கத்து வீட்டு முத்துத்தாயிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

காலையில் அவர்கள் கிளம்பும்போதே மாமியார் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வந்து பார்ப்பதாக முத்துத்தாய் சொல்லிவிட்டுப் போனாள்.

வெறுங்கையோடு திரும்பினால் அவனுக்கு ஒன்றுமில்லை. நாளைக்கு மலையேறிவிடுவான். எஸ்டேட்டில் வீடு கிடைக்கும்வரை அன்னக்கொடி இந்தத் தெருவில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

ஆறு வளையும் இடத்தில் ஆழமான ஒரு கசத்தைப் பேயாண்டி காட்டியிருந்தான். தன் மூங்கில் தூண்டிலை அவன் கொண்டுவரவில்லை. மாப்பிள்ளை பிடிக்கிற அன்றைக்கு வீட்டு ஆள் பிடிப்பது மரியாதை இல்லை.

வெயில் ஏறியது.

எதிர்க்கரையில் ஒரு கொக்கு வந்து நின்றது. ஒரு மீனைப் பிடித்து விழுங்கியது. பிறகும் போகாமல் நல்லகாமனையே பார்த்துக்கொண்டு நின்றது.

பேயாண்டி எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து நாணல் பக்கம் திருப்பினான்.

"ஆத்தோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? சும்மா விடுங்க."

விட்டான். இறகு போய் உட்கார்ந்தது. நீர் உடைந்தது. கழி வளைந்தது.

ஒரு சாண் கெண்டை. ஒரு வீட்டுக் குழம்புக்கு அது காணாது. மாப்பிள்ளை பிடித்தது என்று சொல்ல அதில் பாதி போதும்.

பேயாண்டி பையை விரித்துக்கொண்டு நின்றான்.

நல்லகாமன் முழங்கால் ஆழத்தில் இறங்கினான். கைகளை முதலில் நனைத்துக்கொண்டான். ஒரே திருப்பில் முள்ளைக் கழற்றினான். மீனை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வயிற்றுக்கு அடியில் தாங்கி, அதற்கு மூச்சு திரும்பும்வரை வைத்திருந்து, கையை விலக்கினான்.

கெண்டை போய்விட்டது.

அது போன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

பேயாண்டி விரித்த பையோடு அப்படியே நின்றான்.

"துரையும் இப்பிடித்தான் பிடிச்சு விட்டுருவாரா?"

"துரை பிடிப்பாரு" என்றான் நல்லகாமன். "விடுறது நான்."

அதற்குப் பிறகு அந்தக் கசத்தில் ஒரு மீனும் வரவில்லை.

வீட்டு வாசலில் முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். பேயாண்டி அவள் முன்னாலேயே வெறும் பையை உதறிக் கொடியில் போட்டான்.

"மாப்ள கையில குத்தமில்ல. எடம் காட்டுன நாந்தான் கூறுகெட்டவன். மீனே இல்லாத கசத்துல கொண்டுபோயி நிறுத்திட்டேன்."

"ஆத்தங்கரையில பொறந்து வளந்த பேயாண்டிக்கு மீனு எங்க இருக்குன்னு தெரியலையாம்ல!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே முத்துத்தாய் எழுந்து போனாள். அடுத்த வீட்டிலும் அதையே சொல்வது கேட்டது.

மீனுக்கு அரைத்த மசாலாவில் கத்திரிக்காய் கிடந்தது. மாமன் மச்சான் இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

பரிமாறக் குனிந்த அன்னக்கொடி அப்படியே நின்றாள். நல்லகாமனின் முழங்கையில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் அதைப் பெயர்த்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

பேயாண்டி கத்திரிக்காய்க் காம்பை மிகவும் கவனமாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அம்மா அடுப்பங்கரையில்தான் இருந்தாள். அன்னக்கொடி குரலைத் தாழ்த்தி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினாள்.

"இம்புட்டு இருக்குமா?"

நல்லகாமன் அதுவரை மீனைப் பற்றி ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"ஒரு முழம்" என்றான்.