இருநூற்றுப் பன்னிரண்டாவது படம்

நொர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் ஐந்தே மேசைகள் போட்ட அந்தக் கொரியச் சாப்பாட்டுக்கடையில், மிக உறைப்பான நூடில்ஸைச் சொட்டு சூப்பும் மிஞ்சாமல் முடிப்பவரின் படம் சுவரில் ஏறும். படத்தின் கீழே வரிசை இலக்கமும் இருக்கும். இதுவரை நாற்பது பேர் ஏறியிருந்தார்கள்.

அன்றுதான் முதன்முதலாக அங்கே வந்த அருளானந்தம், கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டையும் குடித்தார். வருகிற திங்கட்கிழமை அவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன். மகள் றொஷானி தன் கொழுக்கட்டைகளைத் தொடவேயில்லை.

"அப்பா, டொக்டர் என்ன சொன்னவர்?"

"உறைப்பைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நான் மன்னாரான், பிள்ளை. இது எனக்குப் பாயாசம். நெத்தியைப் பார், ஒரு சொட்டு வேர்க்கேல்லை."

படமெடுக்கச் சொல்லிக் கடைக்காரியைக் கூப்பிட்டார். அவள் கமராவை எடுக்கவில்லை. "உங்கள் படம் ஏற்கெனவே இருக்கிறதே. நாங்கள் கடையை வாங்கும்போதே இருந்தது," என்று நொர்வேஜிய மொழியில் சொல்லிச் சுவர் மூலையைக் காட்டினாள்.

அங்கே இருநூற்றுப் பன்னிரண்டு என்ற இலக்கத்துக்கு மேலே அவர் இருந்தார். கையில் வெறுங்கிண்ணம். தலை முழுக்க நரைத்திருந்தது. இன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை, நன்றாக வெளுத்துப்போயிருந்தது. திறந்த மேல் பொத்தானுக்குள், நெஞ்சின் நடுவே, எப்போதோ ஆறிய நீளத் தழும்பு.

றொஷானி அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அருளானந்தம் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, படத்துக்குக் கிட்டப் போய், நெற்றியை மட்டும் நெடுநேரம் ஆராய்ந்தார்.

"பாத்தியே பிள்ளை?" என்றார். "அப்பவும் ஒரு சொட்டு வேர்க்கேல்லை."