பதினொன்று நாற்பதுக்கு வெடிப்பு

விண்வெளியின் தொலைவிலிருந்து வரும் காமாக் கதிர் வெடிப்புகளின் நேரத்தை முன்கூட்டியே சொல்ல முடிந்த பிறகு, அவற்றுக்குத் தொடக்க விழா எடுக்கும் பழக்கமும் வந்துவிட்டது. அன்றைய வெடிப்பு காலை பதினொன்று நாற்பதுக்கு. ஒன்பதே விநாடிதான் நீடிக்கும். முனைவர் செண்பகவடிவு இருபத்திரண்டு வருட ஆராய்ச்சியில் ஒருமுறைகூடப் பிடிக்க முடியாமல் போன வகை அது. ஆனால் பதிவுக் கருவியின் பொத்தானைத் துணைவேந்தர்தான் அழுத்த வேண்டும் என்பது முறை. பொத்தான் பல்கலைக்கழகப் பதிவாளரின் மடியில், வெள்ளித் தாம்பாளத்தில் இருந்தது.

மணி பதினொன்று முப்பத்தொன்பது. மேடையில் துணைவேந்தர் தம் வாழ்க்கை வரலாற்றில் இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

"சார், பட்டனைக் குடுங்க சார்!" என்று பதிவாளரிடம் கெஞ்சினார் செண்பகவடிவு.

"பொறும்மா, ஐயாவுக்கு இன்னும் பொன்னாடையே போத்தல."

மணி நாற்பதைத் தொட்டதும் செண்பகவடிவு எட்டிப் பொத்தானை ஒரே குத்தாகக் குத்தினார். திரையில் கோடு செங்குத்தாக எகிறியது. "மாட்டிக்கிச்சு!" என்று அவர் கத்த, மாணவர்கள் விசிலடித்தார்கள்.

பதிவாளர் வெளிறிப்போனார். "ஐயா அழுத்தலையேம்மா! இன்னொரு தடவை வரச் சொல்லுங்க."

"சார், இது அங்கேருந்து கிளம்பி ஆயிரத்து இருநூறு கோடி வருஷம் ஆச்சு!"

"அவ்வளவு வருஷம் வந்தது, அஞ்சு நிமிஷம் வாசல்ல நிக்காதாக்கும்?"