ஆந்தையின் நண்பர்

இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கிரேக்கத் தீவுகளைப் பற்றிச் சேர்ந்து எழுதும் தன்னார்வலர்கள் அவர்கள் இருவரும். ஒருவரின் புனைபெயர் ஆந்தை, மற்றவருடையது ஆலிவ். ஆறு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை.

காலை பதினொரு மணிக்கு ஆந்தையிடமிருந்து செய்தி வந்தது. "இன்னைக்கு எழுத முடியாது. ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும். மனசு வரல."

கட்டுரையை அன்றே முடிக்கத் துடித்த ஆலிவுக்கு எரிச்சலாக வந்தது. "என்ன தப்பு பண்ணார்?"

"கொடுத்த வேலை எதுவுமே நடக்கறதில்ல. ஆனா அவர் சம்சாரம் மாசமா இருக்காங்க."

"ஊர்ல எல்லாருக்கும்தான் குழந்தை பிறக்குது. பாவம் பாக்காதீங்க சார், அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டு வாங்க. நான் அதுக்குள்ள ரோட்ஸ் தீவை முடிச்சிடறேன்."

"நீங்க சொன்னா சரி."

ஆலிவ் இரண்டு வரி தட்டுவதற்குள் அலுவலக மேசைத் தொலைபேசி அடித்தது. மேலாளர் கூப்பிட்டார்.

உள்ளே போனதும் மேலாளர் ஓர் உறையை நீட்டினார். "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னுதான் இருந்தேன். என்கூட கிரேக்கக் கட்டுரை எழுதுற நண்பர்தான் கூடாதுன்னுட்டார்."

ஆலிவ் உறையை வாங்கிக்கொண்டார். அந்த நண்பர் தான்தான் என்று சொன்னால், வேலை நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொன்னதாகிவிடும்.

மேலாளர் அதற்குள் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

"கிளம்புங்க. அவர் எனக்காகக் காத்துக்கிட்டிருப்பார்."