நல்ல நிலை

வடக்குச் சுவரில் வெள்ளத்தாயியின் உள்ளங்கை பதிந்த இடம் கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. மழையில் சுவர் சாய்ந்த நாளிலிருந்து அவளும் புருஷனும் முறைபோட்டு வெளியே நின்று தாங்குகிறார்கள். அவர்கள் கையை எடுத்தால் சுவரோடு கூரையும் வந்துவிடும். அந்தச் சுவரை நம்பாமல் பல்லிகள்கூட எப்போதோ வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. அரசாங்கம் மட்டும் நம்பியது. வீடுகளின் நிலையைக் கண்காணிக்கிறோம் என்று ஊராட்சிப் பதிவேடுகளை வாரிக்கொண்டு போயிருந்தது. இப்போது அவற்றைச் சரிபார்க்க வந்த அதிகாரி, வண்டியில் உட்கார்ந்தபடியே செல்போனில் பதிவைப் பார்த்தார்.

"சுவர் நல்ல நிலைன்னு இருக்கேம்மா."

"போன தடவை வந்தவரு எழுதுனது. அவரும் வண்டிய விட்டு எறங்கல."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. இறங்கி வந்து செல்போனை உயர்த்தினார்.

"நிக்குதுல்ல? அப்ப நல்ல நிலைதான். கையை எடும்மா, போட்டோல சுவர் மட்டும்தான் இருக்கணும். ஆள் தெரிஞ்சா மேல ஏத்துக்க மாட்டாங்க."

வெள்ளத்தாயி அவரைப் பளபளக்கும் செருப்பிலிருந்து சீவிய தலை வரை நிதானமாகப் பார்த்தாள். இதையும் ஒருத்தி பத்து மாதம் சுமந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள்.

"எடுத்துருதேன் சார். வீட்டுக்கு வந்தவுகள வெயில்ல நிறுத்தப்படாது. நீங்க உள்ள போயி கொஞ்சம் உக்காருங்க, எடுத்துருதேன்."

அதிகாரி அப்போதுதான் முதல்முறையாகச் சுவரைப் பார்த்தார். அவள் சுண்டுவிரலை மட்டும் மெல்லத் தூக்கினாள்.